காளான் சீலிங்: ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகரக் கூரைக்கு அடியில் சீலிங்காகப் போடக் காளான் பலகை நல்ல பொருள். மண்ணை ஒட்டி ஈரம் கசிகிற சுவருக்கு என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் விருந்தினருக்கு விடுகிற அறை ஒன்று இருக்கிறது. மேலே வெறும் தகர ஷீட். ஐப்பசி மழை பிடித்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஜனவரி ராத்திரியில் எத்தனை கம்பளி கொடுத்தாலும் தலைக்கு மேலிருந்து குளிர் இறங்கும். தெர்மகோல் அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான், கோயம்புத்தூர்ப் பக்கம் சில இளைஞர்கள் காளான் பலகை தயாரிப்பதாகத் தெரியவந்தது. நான் பல வருஷம் ஷெட் போட்டு மொட்டுக் காளான் வளர்த்தவள். ஆசையும் வந்தது, சந்தேகமும் வந்தது.

பலகை என்றதும் காளானை நசுக்கிச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். குடை விரிவதற்கு முன்னால் உள்ளுக்குள் வெள்ளையாக ஓடுமே பூஞ்சை நூல், இங்கே அதுதான் பசை. மரத்தூள், வைக்கோல் போன்ற கழிவை ஆவியில் வேகவைத்து, ஆறியதும் ஸ்பான் (காளான் விதை) கலந்து அச்சில் அமுக்குகிறார்கள். ஒரு வாரம் போலக் கிடந்தால் நூல் எல்லாப் பக்கமும் ஓடித் தூளை இறுக்கிக் கட்டிவிடும். அப்புறம் அச்சிலிருந்து எடுத்து, ஓவனில் காய வைத்துப் பூஞ்சையைக் கொல்ல வேண்டும். பலகையின் தரமே இந்தக் கடைசி வேலையில்தான் இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்திருந்தால் உயிர் மிச்சமிருக்கும், ஈரம் பட்டதும் மறுபடி கிளம்பும்.

எனக்கு வந்த லோடில் அப்படிச் சில இருந்தன. பார்சலைப் பிரித்ததுமே பச்சைக் காளான் வாடை. நன்றாகக் காய்ந்த பலகையில் அட்டைப்பெட்டி வாசம்தான் வர வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. சந்தேகப்பட்டவற்றைத் தனியாகக் கொட்டகையில் வைத்தேன். அந்த வார மழையில் ஓரத்தில் குண்டூசித் தலை போல முளை விட்டது. போட்டோ அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருகிற வண்டி வாடகை மட்டும் என் தலையில்தான்.

அவர்களுடைய விளம்பரத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உயிரும் ரோபோவும் சேர்ந்து கட்டும் வீடு’ என்று தலைப்பு. கீழே பட்டு நூல் கூண்டு ஒன்றின் படம். அது இவர்கள் செய்ததே இல்லை. 2013இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பாளர் நெரி ஆக்ஸ்மன் குழு செய்த பட்டுப் பந்தல். கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சிஎன்சி இயந்திரம் முதலில் 26 சட்டங்களில் நூலை ஓட்டியது. அதன் மேல் 6,500 பட்டுப்புழுக்களை விட்டு இடைவெளியை நிரப்பச் செய்தார்கள். உடுமலைப் பக்கம் புழு வளர்க்கிறவர்களுக்கு இதில் பாதி புரிந்த விஷயம்தான். சந்திரிகையில் (புழு கூடு கட்ட விடுகிற தட்டு) மூலை முடுக்கு கிடைப்பதால்தான் புழு கூடு கட்டுகிறது. பிடிமானம் இல்லாத தட்டையான இடத்தில் விட்டால் நூலை விரிப்பு மாதிரிப் பரப்பிவிடும். அந்தக் குணத்தைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் என் சீலிங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்த இளைஞர்களின் யூனிட்டில் ரோபோ செய்வது அச்சு வெட்டுவது மட்டும். அதைச் சுத்தமாகச் செய்கிறது, பலகைக்குப் பலகை விளிம்பு பிசகவில்லை. அந்த ஒரு காரணத்தையே விளம்பரத்தில் போட்டிருக்கலாம்.

மாட்டும் வேலை சுலபம். ரீப்பர் அடித்து, அகல வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டார் ஆசாரி. கனமே இல்லாததால் ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்கக்கா, முளைச்சா எனக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்புங்க” என்று கடைசி வரை கிண்டல். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடச் சொன்னேன். தகரத்தின் அடியில் ராத்திரி வேர்த்துச் சொட்டும். அது பலகையில் தேங்கினால் கதை முடிந்தது.

மழைச் சத்தம் நன்றாகவே குறைந்துவிட்டது. முன்பு கொட்டாகக் கேட்டது இப்போது பக்கத்து வீட்டில் பெய்வது போல இருக்கிறது. குளிரில் வித்தியாசம் உண்டு, ஆனால் அதே தடிமனுக்குத் தெர்மகோல் இன்னும் கொஞ்சம் நன்றாகவே தடுக்கும். ஒரு துண்டை உடைத்துத் தீக்குச்சி காட்டினேன்: கருகியது, உருகிச் சொட்டவில்லை. அந்த அறையில் விருந்தினர்கள் ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்பதால், கூடுதல் விலை கொடுத்தது இதற்காகத்தான். பாத்ரூம் கதவுக்கு மேலே இருந்த பலகையில் மட்டும் பச்சைப் புள்ளி விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு அங்கே சிமெண்ட் ஷீட் போட்டாகிவிட்டது.

இதிலேயே சுவரும் எழுப்பலாம் என்று விற்க வந்த தம்பி சொன்னார். 2014இல் நியூயார்க்கில் இப்படிச் சுமார் 10,000 காளான் செங்கல்லில் 40 அடிக் கோபுரம் கட்டியது உண்மைதான். ஆனால் அது ஒரு கோடைக்கு நிற்பதற்கென்று கட்டியது. அப்புறம் பிரித்து உரமாக்கிவிட்டார்கள். நம் ஊர் மழையைத் தாங்க வேண்டிய சுவருக்கு அது எப்படிச் சாட்சியாகும்? விரிசலைத் தானே அடைக்கும் பாக்டீரியா கான்கிரீட் பற்றியும் பேசினார். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஹென்க் யோங்கர்ஸ் என்ற ஆய்வாளர் செய்து காட்டிய விஷயம்: தண்ணீர் பட்டதும் பாக்டீரியா விழித்து, விரிசலில் சுண்ணாம்புக்கல் படிய வைக்கும். மில்லிமீட்டருக்கும் குறைவான கீறலுக்கு அது சரி. எங்கள் தடுப்புச் சுவர் விரிசலில் விரலே நுழைகிறது, தம்பி.

விலை தெர்மகோலைப் போலப் பல மடங்கு. வாங்குவதாக இருந்தால் மாசி, பங்குனியில் வாங்கி, வெயிலில் இரண்டு பக்கமும் காட்டிவிட்டு மாட்டுங்கள். ஐப்பசியில் டெலிவரி எடுக்காதீர்கள். வண்டியிலிருந்து இறக்குவதற்குள்ளேயே நனைந்துவிடும்.