ஸ்பெஷல் கலருக்குக் காசு, கைக்கு வந்தது ஃபோர் கலர்: லெட்டர்ஹெட் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

லெட்டர்ஹெட், கவர், விசிட்டிங் கார்டு மூன்றும் இரண்டே கலரில் அச்சாக வேண்டிய வேலை: பேன்டோன் (நிறங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்ட முறை) ஆரஞ்சு 021, கறுப்பு. கொட்டேஷனில் ஸ்பெஷல் கலருக்கென்று தனிக் கட்டணம் போட்டு முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். வந்து இறங்கிய கட்டைப் பிரித்தால் ஆரஞ்சு வெளிறிக் கிடந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது மஞ்சள் பரப்பின் மேல் வரிசை வரிசையாக மெஜந்தா புள்ளிகள். அச்சகம் சொன்ன பதில்: "உங்க ஃபைல்லயே சிஎம்ஒய்கேதான் சார் இருந்துச்சு." சிஎம்ஒய்கே என்றால் சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு இங்கின் புள்ளிகளால் நிறம் காட்டும் ஃபோர் கலர் அச்சு. அனுப்பிய பிடிஎஃப்பில் ஆரஞ்சு தனி பிளேட்டாகத்தான் (ஒரு இங்குக்கான அச்சுத் தகடு) இருந்தது. அதைத் திறந்து காட்டிய பிறகுதான் பில்லைக் குறைக்கவே ஒத்துக்கொண்டார்கள்.

இதில் அச்சகத்துக்கு என்ன லாபம் என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஸ்பெஷல் கலர், அதாவது ஸ்பாட் கலர், என்பது கலந்து தயாரித்த ஒரே இங்க், அதற்கென ஒரு பிளேட். அந்த இங்கைப் போட மெஷினின் ஒரு யூனிட்டைக் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி கழுவ வேண்டும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த இங்குக்கும் கழுவும் நேரத்துக்கும்தான். ஃபோர் கலர் மெஷினிலோ நான்கு இங்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வேலையைச் சிஎம்ஒய்கேவாக மாற்றி, நாலு பேருடைய வேலையோடு ஒரே பெரிய ஷீட்டில் சேர்த்து ஓட்டிவிட்டால் கழுவும் வேலையே கிடையாது. முன்கூட்டியே சொல்லி, விலையையும் குறைத்துச் செய்தால் அதில் தப்பில்லை. ஸ்பெஷல் கலர் என்று பில் போட்டுவிட்டு இப்படிச் செய்வதுதான் ஏமாற்று.

நிறம் மாறுவதோடு நஷ்டம் நிற்பதில்லை. ஆறு பாயின்ட் தமிழ் எழுத்தை இரண்டு மூன்று பிளேட்டில் பிரித்து அடித்தால், ரிஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் நிழல் தட்டும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். அடுத்த முறை கவர் மட்டும் அடித்தால் லெட்டர்ஹெட்டோடு நிறம் பொருந்தாது.

"ஃபைல் சரியில்லை" என்ற சாக்குக்கு இடம் வைக்காதீர்கள். டிசைன் மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் அந்த ஸ்வாட்ச்சின் (பட்டியலில் சேமித்த நிறத்தின்) கலர் வகை 'ஸ்பாட்' என்றே இருக்க வேண்டும். இன்டிசைனின் இங்க் மேனேஜரில் எல்லா ஸ்பாட்டையும் ப்ராசஸாக (சிஎம்ஒய்கேவாக) மாற்றும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு டிக் போதும், வேலை கெட்டுவிடும். கோரல்டிராவில் பிடிஎஃப் எடுக்கும்போது கலர் பக்கத்தில் ஸ்பாட்டை மாற்றும் தேர்வை அணைத்து வையுங்கள். நிழல், ஒளி ஊடுருவல் மாதிரியான எஃபெக்ட்களை ஸ்பாட் கலர் மேல் போடாமல் இருப்பதே நல்லது, பல சமயம் அந்த இடம் மட்டும் சிஎம்ஒய்கே படமாகிவிடும். இளம் நிறம் வேண்டுமென்றால் புது நிறம் சேர்க்க வேண்டாம், அதே ஸ்பாட்டின் 20 சதவீத டின்ட் (அதே இங்கைப் புள்ளிகளாக அடித்து வரும் வெளிர் சாயல்) போதும்.

இன்னொரு வலை: ஒரே இங்க் இரண்டு பெயரில் உட்கார்ந்திருப்பது. லோகோவில் '185 சி', தலைப்பில் '185 யு' என்று இருந்தால் மென்பொருள் இரண்டு பிளேட் எடுக்கும். சி என்பது ஆர்ட் பேப்பர் போன்ற பூச்சுத் தாளில் அந்த இங்க் எப்படித் தெரியும் என்பது, யு என்பது மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத் தாளில். இங்க் ஒன்றுதான். இதையே காரணம் காட்டி மூன்று கலர் என்று பில் போடுகிறவர்கள் உண்டு. இங்க் மேனேஜரில் ஒன்றை மற்றொன்றுக்கு ஏலியஸ் (மாற்றுப் பெயர்) ஆக்கிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் அக்ரோபாட் ப்ரோவில் அவுட்புட் ப்ரிவியூவைத் திறந்து சையான், மெஜந்தா, மஞ்சள் மூன்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் எதுவுமே மறையவோ வெளிறவோ கூடாது. மறைந்தாலோ வெளிறினாலோ அந்தப் பொருள் இன்னும் சிஎம்ஒய்கேவில் இருக்கிறது. பெரும்பாலும் ஆர்ஜிபியில் (திரைக்கான நிறமுறையில்) வந்த கறுப்பு எழுத்துதான் மாட்டும். இந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிடிஎஃப்போடு சேர்த்தே மெயிலில் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள்.

"அடோபில இப்போ பேன்டோன் வர்றதில்ல சார், மாத்திட்டோம்" என்பது புதிய பாட்டு. 2022 இறுதியில் தன் மென்பொருள்களில் இருந்த பேன்டோன் நிறத் தொகுப்புகளில் பெரும்பகுதியை அடோபி எடுத்துவிட்டது உண்மை. ஆனால் பிளேட் எடுக்க அந்தத் தொகுப்பு எதற்கு? ஸ்பாட் என்று குறித்த ஸ்வாட்ச் எந்தப் பெயரில் இருந்தாலும் பிளேட் வரும். இங்கை எண் சொல்லி, அச்சடித்த ஃபார்முலா கையேட்டைப் பார்த்துத்தான் கலக்கிறார்கள். ஆரஞ்சு 021 விஷயத்தில் அதுவும் வேண்டாம். அது அடிப்படை இங்க்களில் ஒன்று, டின்னிலேயே வரும்.

கொட்டேஷனில் 'டபுள் கலர்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். 'பேன்டோன் ஆரஞ்சு 021 யு, கறுப்பு, 2 பிளேட், சிஎம்ஒய்கே மாற்றம் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். இன்க்ஜெட் ப்ரூஃபை (சாதாரண பிரின்டரில் எடுத்த மாதிரியை) காட்டி ஓகே கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம், அது நிறத்துக்குச் சாட்சி ஆகாது. அச்சாகப்போகும் அதே தாளில் அந்த இங்கைத் தடவிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் மெஷின் ஓடும்போது போய், முதல் நல்ல ஷீட்டில் கையெழுத்துப் போட்டு ஒன்றை எடுத்து வாருங்கள். பிளேட்டுகளையும் போட்டோ எடுங்கள். பல அச்சகங்களில் பிளேட்டின் ஓரத்திலேயே கலரின் பெயர் விழுந்திருக்கும்.

டெலிவரி ஆனதும் லென்ஸை முழு நிறப் பரப்பில் வைத்துப் பாருங்கள், டின்ட் பகுதியில் வேண்டாம். டின்ட்டில் ஸ்பாட் கலருக்கும் புள்ளி வரும், ஆனால் ஒரே நிறப் புள்ளி. முழுப் பரப்பில் புள்ளியே இருக்கக் கூடாது. அங்கே வேறு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது ஸ்பாட் அல்ல. கோல்டு, சில்வர் என்றால் லென்ஸே தேவையில்லை: பேன்டோன் 871 முதல் 877 வரையுள்ள மெட்டாலிக் இங்க் வெளிச்சத்தில் சாய்க்கும்போது மினுங்கும், சிஎம்ஒய்கே கோல்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் பழுப்பு மஞ்சளாகவே இருக்கும். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும், மேப்லித்தோவில் அசல் மெட்டாலிக்கும் தாளுக்குள் இறங்கி மங்கும். அதற்கு அச்சகத்தைத் திட்டிப் பயனில்லை.

மீதிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். தவறு தெரிந்தால் கட்டைப் பயன்படுத்தத் தொடங்காமல், லென்ஸ் வழியே போனில் எடுத்த படத்தையும் அனுப்பிய பிடிஎஃப்பையும் வைத்து அன்றைக்கே மெயில் போடுங்கள். "அடுத்த வேலையில கழிச்சுக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த வேலையும் அதே மெஷினில்தான் ஓடும். இந்த பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறு அச்சு கேளுங்கள்.