புதுக் காருக்கு முதல் ஆயில் மாற்றம்: 1000-லா, 5000-லா, புத்தகத்தில் போட்டபடியா?

புதுக் கார் எடுத்தவர் நாலு பேரிடம் கேட்டால் நாலு கணக்கு வரும். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலைக் கொட்டிவிடு" என்பார் பழைய மெக்கானிக். "அதெல்லாம் அந்தக் காலம். காரோடு வரும் புத்தகத்தில் பத்தாயிரம் என்றால் பத்தாயிரம்தான்" என்பார் சர்வீஸ் சென்டர்காரர். நடுவில் ஒருவர் ஐயாயிரம் என்பார். இன்னொருவர், "டாஷ்போர்டே சொல்லும், உனக்கு எதற்குக் கவலை?" என்பார். நாலுக்கும் பின்னால் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு இன்ஜினை, வேறு வேறு ஓட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை எட்டு, பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் 5000 கிலோமீட்டரிலோ ஆறு மாதத்திலோ, எது முந்துகிறதோ அப்போது, ஒரே ஒரு முறை முன்கூட்டி மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு புத்தகப்படி போனால் போதும். மூன்று, நான்கு வருடத்தில் விற்பவருக்கு முதலிலிருந்தே புத்தகம் போதும். 1000-ல் மாற்றுவது சில வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் உள்ளே நடப்பது

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தொழிற்சாலையில் வேண்டுமென்றே அதில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். ஹோனிங் என்று அதற்குப் பெயர். கீறல் பள்ளங்களில் ஆயில் தங்கும். மேட்டு நுனிகள் பிஸ்டன் ரிங்கோடு உரசித் தேய, ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று படியும். அப்படிப் படிந்தால்தான் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறி எரியாது.

தேய்ந்த நுனிகள் எங்கே போகும்? ஆயிலுக்குள்தான். இரும்புப் பொடி, பிஸ்டனிலிருந்து அலுமினியம், பேரிங்கிலிருந்து செம்பு என்று எல்லாம் சேரும். இன்ஜின் கோர்க்கும்போது தடவிய மசகும், மூட்டுகளில் வைத்த சிலிக்கோன் பசையின் மிச்சமும் கூடவே கரையும். அதனால் புது இன்ஜினின் முதல் ஆயிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, சிலிக்கான் மூன்றும் தூக்கலாகவே வரும். அந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், புது இன்ஜினுக்கு அது இயல்பு. இந்தத் தேய்மானம் முதல் சில நூறு கிலோமீட்டரில் வேகமாக நடக்கும், அப்புறம் சட்டென்று குறைந்துவிடும்.

ஃபில்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். சாதாரண ஆயில் ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை நன்றாகப் பிடிக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அது நல்ல வேலைதான். ஆனால் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைத்திருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். மிக நுண்ணிய தூசி அந்தப் படலத்துக்குள் நழுவிப் போய்விடும், பெரியது ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். தொல்லை கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துகள்கள். படலத்தை விடப் பெரிதாகவும் ஃபில்டருக்குத் தப்பும் அளவுக்குச் சிறிதாகவும் இருப்பதால் அவை சுற்றிச் சுற்றி வரும். ஒரே சுற்றில் பிடிபடாதது பத்தாவது சுற்றில் பிடிபடலாம், ஆனாலும் ஒரு பகுதி தங்கிவிடும். அதை முழுதாக வெளியேற்ற ஆயிலைக் கொட்டுவதுதான் வழி.

முன்கூட்டி மாற்றுவதற்கு உருப்படியான காரணம் இது ஒன்றே. ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலின் சத்து தீர்ந்துவிடுவதில்லை. அதில் கலந்த பொடிதான் பிரச்சினை.

1000 கிலோமீட்டரில்

ஒரு காலத்தில் இதைப் புத்தகமே சொன்னது. வார்ப்பும் கடைசலும் இன்றைய துல்லியத்தில் இல்லாத காலம் அது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மேடு, அதன் அழுத்தத்தை வாங்கும் தட்டையான டேப்பெட்டில் நேராக உரசும். வார்ப்பு மணலின் மிச்சம்கூட உள்ளே இருக்க வாய்ப்பிருந்தது. இப்போது பல இன்ஜின்களில் அந்த இடத்தில் உருளும் ரோலர் வந்துவிட்டது. ஹோனிங் போட்ட பிறகு மேட்டு நுனிகளைத் தொழிற்சாலையிலேயே சமன் செய்து அனுப்புகிறார்கள். படிய வேண்டியதில் ஒரு பங்கு கார் வெளியே வரும் முன்பே முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கப் பைக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பைக்கில் முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும், அப்போதே ஆயிலையும் மாற்றுவார்கள். பெரும்பாலான பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்களின் பொடியும் அதில்தான் விழும். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், எனவே பைக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது.

சில கார்களுக்குப் புத்தகமே சீக்கிரம் மாற்றச் சொல்லும். பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2000 கிலோமீட்டர் அளவில் இன்ஜின் ஆயிலையும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலையும் மாற்றும் தனி சர்வீஸ் உண்டு. உங்கள் புத்தகத்தில் அப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முழுதாகப் பிரித்துக் கோர்த்த பழைய இன்ஜினுக்கும் 500, 1000 கிலோமீட்டரில் மாற்றுவதுதான் சரி.

மறுபக்கமும் இருக்கிறது. ஹோண்டா அமெரிக்க வாடிக்கையாளர்களிடம், முதல் ஆயிலை முன்கூட்டி மாற்றாதீர்கள், உரிய நேரம் வரும்வரை விட்டுவையுங்கள் என்றே சொல்லி வந்திருக்கிறது. சோதனைக்கு அனுப்பிய பலர் அந்த முதல் ஆயிலில் மாலிப்டினம் அதிகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். உராய்வைக் குறைக்கும் பொருள் அது. உங்கள் கம்பெனி இப்படிச் சொல்லியிருந்தால் அதைக் கேட்பதே சரி. எல்லா கம்பெனியும் தனி ஆயில் ஊற்றித்தான் அனுப்புகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1000-ல் மாற்றுவதில் எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. ரிங் படிவது அப்போது முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மீதிப் பொடி புது ஆயிலில் சேர்ந்து அடுத்த ஒன்பதாயிரம் கிலோமீட்டர் அதிலேயே சுற்றும். அப்போது 5000-லும் இன்னொரு முறை மாற்றத் தோன்றும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தவறு நடக்க ஒரு வாய்ப்பு கூடுகிறது. ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி மரை போவது, பழைய வாஷரையே போட்டு ஒழுகவிடுவது, வேறு கிரேடு ஆயிலை ஊற்றுவது எல்லாம் நடக்கிற விஷயங்கள்தான். என் முதல் காரை 1000-ல் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது ஆயில். நல்லது செய்வதாக நினைத்துப் போன எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. திரும்பப் போய்க் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் வந்தேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கம்பெனிகள் 1000 கிலோமீட்டரில் வைக்கும் முதல் சர்வீஸ் வெறும் பார்வையிடல்தான், ஆயிலைத் தொடவே மாட்டார்கள். "முதல் சர்வீஸ் முடிந்தது, ஆயில் மாற்றியாயிற்று" என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பலர். பில்லை எடுத்துப் பாருங்கள்.

புத்தகத்தில் போட்டபடி

10,000 அல்லது 15,000 கிலோமீட்டர், இல்லாவிட்டால் ஒரு வருடம் என்பதுதான் பரவலான கணக்கு. ஐரோப்பாவில் சில கார்களுக்கு 30,000 கிலோமீட்டர், இரண்டு வருடம் என்றுகூட உண்டு. ஆயிரக்கணக்கான மணி நேரம் இன்ஜினை ஓட்டிப் பார்த்துத்தான் இந்த எண்ணைப் போடுகிறார்கள், அதை அலட்சியப்படுத்த முடியாது. இதை மட்டும் ஒழுங்காகப் பின்பற்றி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கார்கள் ஏராளம். அதே சமயம், பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவதும் கம்பெனிக்கு முக்கியம். முதல் சில வருடத்தைத் தாண்டி உங்கள் இன்ஜின் எவ்வளவு அமைதியாக ஓடும் என்ற அக்கறை உங்களுக்குத்தான் அதிகம் இருக்கும்.

ஆனால் புத்தகத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பெரும்பாலான புத்தகங்களில் இரண்டு அட்டவணை இருக்கும். முதலாவது சாதாரண ஓட்டத்துக்கு, இரண்டாவது கடின ஓட்டத்துக்கு. கடினம் என்றால் மலையும் பாலைவனமும் என்று நினைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். படித்துப் பாருங்கள்: அடிக்கடி குறைந்த தூரம் போய் வருவது, நெரிசலில் நின்று நின்று போவது, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது, தூசி, கடும் வெப்பம், பாரம் இழுப்பது. நகரத்தில் ஓட்டும் பலருடைய தினசரி ஓட்டம் இதுதான். அந்த அட்டவணையில் இடைவெளி ஏறக்குறைய பாதியாக இருக்கும். ஆகவே புத்தகத்தை நேர்மையாகப் படித்தாலே பலருக்கு 5000 என்ற எண் தானாக வந்து நிற்கும்.

குறைந்த தூரம் ஏன் கெடுதல் என்று சொல்ல வேண்டும். எரிதலில் உண்டாகும் நீராவியில் கொஞ்சம், குளிர்ந்த இன்ஜினுக்குள் நீராகப் படிந்து ஆயிலில் சேரும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சுவரில் வழிந்து கீழே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். தினமும் நாலு கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் அதற்கு வாய்ப்பே இல்லை. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் இது இன்னும் அதிகம். டீசல் காரில், புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேளையில் பாதியிலேயே வண்டியை அணைத்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து மட்டம் உயரும். ஹைபிரிட்டில் வேறு மாதிரி: இன்ஜின் அடிக்கடி நின்று, ஆறி, திரும்ப எழும். ஓடோமீட்டர் காட்டும் தூரத்தை வைத்து இன்ஜினின் நிலையைச் சொல்ல முடியாது.

வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவருக்கு நாள்காட்டிதான் கணக்கு. "இன்னும் பத்தாயிரம் வரவில்லையே" என்று மூன்று வருடம் அதே ஆயிலோடு விடுவது, இங்கே பேசும் எல்லா வழிகளையும் விட மோசமானது.

டாஷ்போர்டு சொல்லும்போது

பெரும்பாலான கார்களில், ஆயில் மாற்றும் நேரத்தை டாஷ்போர்டில் காட்டும் அமைப்பு ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எந்த வெப்பத்தில் ஓடியது, எத்தனை முறை குளிராக எழுந்தது என்பதை வைத்து ஆயிலின் மீதி ஆயுளைக் கணக்குப் போடுகிறது. இரண்டாவது, மூன்றாவது மாற்றத்துக்கு அது நல்ல துணை, வெறும் கிலோமீட்டரை விடப் புத்திசாலித்தனமானது. முதல் மாற்றத்துக்கு மட்டும் நான் அதை நம்ப மாட்டேன். நாம் கவலைப்படும் உலோகப் பொடி அதன் கணக்கில் இல்லை.

5000-ல் ஒரு முறை

என் இப்போதைய காருக்கு இதைத்தான் செய்தேன். ரிங் படிவது இதற்குள் அநேகமாக முடிந்திருக்கும். வரவேண்டிய பொடியில் பெரும்பகுதி வந்து, ஃபில்டரும் தன்னால் முடிந்ததைப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் ஒரே வேலையில் எல்லாம் வெளியே போய்விடும். ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றாதீர்கள், பாதிக் குப்பை அதில்தான் இருக்கிறது. என் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பார்த்தேன். மினுமினுவென்று மெல்லிய பொடி. பயமாக இல்லை, வெளியே வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தது.

5000 வரை அந்தப் பொடி சுற்றிக்கொண்டுதானே இருந்தது என்று கேட்டால், ஆமாம், அது உண்மை. அதை முழுக்கத் தவிர்க்க வேண்டுமென்றால் 1000-லும் 5000-லும் இரண்டு முறை மாற்ற வேண்டும். இன்றைய சாதாரணக் காருக்கு 1000-ல் செய்யும் அந்தக் கூடுதல் மாற்றத்தின் பலன் அதன் சிரமத்துக்கு ஈடாகாது என்பது என் கணிப்பு.

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது புத்தகத்தில் உள்ள கிரேடும் தரக்குறியீடும் அப்படியே இருக்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு, கம்பெனி வேறு குறியீடு கேட்காதபோது, 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஆயில் தரக்குறியீடு) தரத்துக்குக் கீழே போகாதீர்கள். குறைந்த வேகத்தில் எரிபொருள் முந்திப் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்தும் கோளாறுக்கு எதிரான சோதனை அதில் உண்டு. "முதலிலேயே சிந்தெடிக் ஊற்றினால் ரிங் படியாது" என்ற பேச்சையும் விட்டுவிடலாம். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் 1992-லிருந்தே தொழிற்சாலையில் சிந்தெடிக் ஊற்றித்தான் வெளியே வருகிறது.

வாரண்டி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சரியான ஆயிலைப் போட்டு, பில்லைப் பத்திரமாக வைத்தால் முன்கூட்டி மாற்றியதால் வாரண்டி போகாது. சிக்கல் வேறு இடத்தில் வரும்: "5000-லேயே மாற்றிவிட்டேனே" என்று 10,000 சர்வீஸை விட்டுவிடுவது. அதை விடக் கூடாது.

கியர் கொண்ட மேனுவல் காரை நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. மேனுவல் கியர்பாக்ஸிலும் பின்பக்க டிஃபரென்ஷியலிலும் பெரும்பாலும் ஃபில்டரே கிடையாது, ஒரு காந்தம் இருந்தால் உண்டு. பற்கள் படியும்போது விழுந்த பொடி அங்கேயே கிடக்கும். முன்கூட்டி மாற்றும் ஆசை இருந்தால் அந்த ஆயிலை ஒரு முறை மாற்றுவதைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் மட்டும் புத்தகம் சொல்லாமல் கை வைக்க வேண்டாம்.

இந்தத் தேதிகளை விட முதல் 1000 கிலோமீட்டரை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது ரிங்குக்கு முக்கியம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்காதீர்கள், உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவும் விடாதீர்கள். இந்த நாட்களில் கொஞ்சம் ஆயில் குறைவது சகஜம் என்பதால் வாரம் ஒரு முறை மட்டத்தைப் பாருங்கள்.

மாற்றிய மறுநாள் காலையும் அதையே செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் சரி. மேலே இருந்தால் அன்றே திரும்பக் கொண்டுபோய் இறக்கச் சொல்லுங்கள். அப்படியே குனிந்து, வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.