அலாய் சக்கரம்: பவுடர் கோட்டிங்கா, ஸ்ப்ரே பெயின்டா?

நடைபாதை ஓரக்கல்லில் உரசிய காரின் அலாய் (உலோகக் கலவை) சக்கரத்தைப் புதுப்பிக்க, பவுடர் கோட்டிங் எனும் தூள் பூச்சு, ஸ்ப்ரே பெயின்ட் இரண்டில் எதை நாடுவது என்ற தயக்கம் பலருக்கும் உண்டு.

செலவு: ஸ்ப்ரே பெயின்டில் டயரைக் கழற்றாமலே கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பவுடர் கோட்டிங்கிற்கு டயர், வால்வு, காற்றழுத்த சென்சார் அனைத்தையும் கழற்றிப் பழைய பூச்சை முழுவதும் நீக்க வேண்டியிருப்பதால் கூலி கூடும்.

நீடித்து உழைப்பது: மின்னேற்றிய தூள் உலோகத்தில் படிந்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி ஒரே படலமாக இறுகுவதால், தெறிக்கும் சரளைக்கல்லைப் பவுடர் கோட்டிங்கே நன்கு தாங்கும்.

நிறப்பொருத்தம்: இதில் ஸ்ப்ரேயே முந்துகிறது.

ஒரே சக்கரத்தில் சிறு கீறல் எனில் ஸ்ப்ரே போதும். நான்கிலும் பூச்சு உரிந்து அரித்திருந்தால் பவுடர் கோட்டிங்கே தகும். விரிசல் விட்ட சக்கரத்துக்கோ இரண்டுமே வேண்டாம். பூச்சு அதை மறைக்குமே தவிர வலுவாக்காது.