அளவை மாற்றினால் தாங்குமா? கேட் மென்பொருள்கள் நான்கு

காகிதத்தில் ஓர் 'எல்' வடிவத் தாங்கி இருக்கிறது. தகட்டின் தடிமன் 5 மி.மீ., இரண்டு துளைகள். இதைக் கணினியில் திடவடிவமாக்குவது எந்தக் கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளிலும் சில நிமிட வேலைதான். மறுநாள் வாடிக்கையாளர் அழைத்து, "5 போதாது, 6 ஆக்குங்கள், துளையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்பார். மென்பொருளின் குணம் அப்போதுதான் வெளிப்படும். நான் அந்த மறுநாளை வைத்தே எடை போடுகிறேன்.

கற்றுக்கொள்ள ஸ்கெட்ச்அப்பை மிஞ்ச ஆளில்லை. செவ்வகம் வரைந்து அதன் முகத்தை, அதாவது பரப்பை, இழுத்தால் பெட்டி எழும்பிவிடும். வீடு, அலமாரி வரைபவர்களுக்கு அதுவே போதும். இயந்திர பாகம் என்றால் வேண்டாம். அதில் வட்டம் என்பது, நாம் மாற்றாதவரை, 24 பக்கப் பலகோணம். 10 மி.மீ. விட்டத்தில் துளை போட்டால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 9.91 மி.மீ.தான் கிடைக்கும், 10 மி.மீ. கம்பி நுழையாது. பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டி இதைச் சரிக்கட்டலாம். ஆனால் கொடுத்த அளவை அது நினைவில் வைத்திருப்பதில்லை. தடிமனைக் கூட்ட முகங்களை மறுபடி ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும்.

ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷன் வேறு ரகம். கோடுகளுக்கு அளவும், இணையாக நில், செங்குத்தாக நில் என்பதுபோன்ற கட்டுப்பாடும் கொடுத்து வரைகிறோம். செய்த ஒவ்வொரு வேலையும் திரையின் அடியில் காலவரிசையாக நிற்கிறது. பின்னோக்கிப் போய் 5ஐ 6 ஆக்கினால் தாங்கி முழுவதும் தானே திருந்திக்கொள்ளும். வழவழப்பில் இதற்குத்தான் என் ஓட்டு. இடைஞ்சல் உரிமத்தில் இருக்கிறது: தனிநபர் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்களை மட்டுமே திருத்தும் நிலையில் வைத்திருக்க முடியும். லினக்ஸுக்குப் பதிப்பே கிடையாது.

ஆன்ஷேப் உலாவியிலேயே ஓடும். பழைய கணினிக்கு வரப்பிரசாதம். இலவசக் கணக்கில் வரைவதை எல்லோரும் பார்க்கலாம் என்பதால், வாடிக்கையாளரின் வடிவத்தை அதில் வைப்பதற்கில்லை.

மிச்சமிருப்பது 2002 முதல் வளர்ந்துவரும் திறந்தமூல ஃப்ரீகேட். முகப்பு கரடுமுரடானது, ஒரு பொத்தானைத் தேடியே பொறுமை தீரும். ஆனாலும் வரைய வைக்கும் ஒழுக்கம் இதில் அதிகம். கோடுகள் இன்னும் எத்தனை வகையில் நகர முடியும் என்று எண்ணிக் காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் கட்டுப்பட்டதும் படம் பச்சையாகும். அதன்பின் 'பேட்' கொடுத்தால் கனம், 'பாக்கெட்' கொடுத்தால் துளை. அளவுகளை உள்ளேயே இருக்கும் விரிதாளில் எழுதிவைத்து, அங்கே ஒரு எண்ணை மாற்றினாலும் போதும்.

இதன் பழைய நோய் ஊரறிந்தது. முகங்களுக்கு அது 'ஃபேஸ்6' என்பதுபோல் பெயரிடும். அடிப்படை வரைபடத்தில் ஒரு கோடு சேர்ந்தால் அதே பெயர் வேறு முகத்துக்குப் போய்விடும். அந்த முகத்தில் ஒட்டியிருந்த துளையும் இடம் மாறிக் குதிக்கும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு அடக்கியிருக்கிறது, முழுதாக ஒழிக்கவில்லை. ஆகவே துளைக்கான வரைபடத்தை மாதிரியின் முகத்தில் ஒட்டாமல், மாதிரி மாறினாலும் நகராத அடிப்படைத் தளங்களில் ஒட்டுங்கள். அப்படிச் செய்தால் கூலிக்கு வரையும் சிறு பட்டறைக்கு நான் ஃப்ரீகேடைத்தான் சொல்வேன். பொழுதுபோக்காக வரைபவர்கள் ஃப்யூஷனோடு நிம்மதியாக இருக்கலாம்.