நாலு பொருள், ஒரு பார்சல்: கூரியர் காசை எப்படி வாங்குவது?

ஆன்லைன் கடை திறக்கிறவர்கள் பொருளுக்கு என்ன விலை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கூரியர் கட்டணம் என்று வந்ததும் "பொருளுக்கு 50 ரூபாய்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு பொருள் வாங்குகிறவரிடம் இது பிரச்சினையில்லாமல் ஓடும். மூன்று பாக்கெட் இட்லிப்பொடியை ஒருவர் கார்ட்டில் போட்டதும் திரையில் வருவது: பொடி 360 ரூபாய், கூரியர் 150 ரூபாய். கூரியர்காரர் மூன்று முறை வரப்போவதில்லை, ஒரே பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போவார் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். பேசாமல் மூடிவிட்டுப் போய்விடுவார்.

பல பொருளைச் சேர்த்து வாங்கும்போது கட்டணத்தை எப்படி வைப்பது என்பதற்கு நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரு கடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்ப்போம். சேலைக் கடை என்றால் கணக்கு சுலபம், எல்லாம் ஒரே எடை. வேண்டுமென்றே கஷ்டமான கடையை எடுத்திருக்கிறேன்: இட்லிப்பொடி (200 கிராம், 120 ரூபாய்), உடன்குடி கருப்பட்டி (ஒரு கிலோ, 400 ரூபாய்), நல்லெண்ணெய் (ஒரு லிட்டர், 420 ரூபாய்), கூழ் வடகம் (250 கிராம், 110 ரூபாய்). ஒன்று சின்னது, இரண்டு கனமானவை, ஒன்று எடையே இல்லாமல் இடத்தை அடைப்பது.

முதலில் கூரியர் நம்மிடம் எப்படி வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் 500 கிராம் ஸ்லாப்பில்தான் கணக்கிடுகின்றன. 501 கிராம் ஆனால் அது ஒரு கிலோ. கணக்குக்காகத் தமிழ்நாட்டுக்குள் முதல் 500 கிராமுக்கு 40 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 500 கிராமுக்கும் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. அப்படியானால் அரைக்கிலோவுக்கு 47.20, ஒரு கிலோவுக்கு 82.60, ஒன்றரைக்கு 118, இரண்டுக்கு 153.40, இரண்டரைக்கு 188.80, மூன்றுக்கு 224.20. உங்கள் கூரியரின் ரேட் வேறாக இருக்கும், ஏறுகிற விதம் இதுதான்.

இதோடு பருமன் எடை என்று ஒன்று உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள் (சிலர் இதைவிடச் சின்ன எண்ணால் வகுப்பார்கள், அப்போது எடை இன்னும் கூடும்). அதில் வருகிற கிலோவும் தராசு காட்டுகிற கிலோவும் எது அதிகமோ அதற்குத்தான் பில். வடகம் பாக்கெட் நொறுங்காமல் போக 25×18×10 பெட்டி வேண்டும் என்றால் 4500-ஐ 5000-ஆல் வகுத்து 0.9 கிலோ. உள்ளே இருப்பது கால் கிலோ வடகம், கட்டுவது ஒரு கிலோவுக்கு.

இப்போது நான்கு கார்ட்டுகளை முதல் நான்கு வழிகளிலும் ஓட்டிப் பார்க்கலாம் (கடைசி நிரலில் உள்ள 'எடை ஏணி' என்பது கார்ட்டின் மொத்த எடைக்கு ஏற்ற கட்டணம்; ஐந்தாவது வழியான இலவச டெலிவரி பிறகு வருகிறது). தனியாக அனுப்பினால் பொடிக்கு 50, வடகத்துக்கு 85, கருப்பட்டிக்கும் எண்ணெய்க்கும் 120 ரூபாய் என்று கடைக்காரர் வைத்திருக்கிறார்.

| கார்ட் | கூரியருக்குக் கட்டுவது | தனித்தனியாக | உயர்ந்த கட்டணம் மட்டும் | உயர்ந்தது + அடுத்ததற்கு 20 | எடை ஏணி |
|---|---|---|---|---|---|
| பொடி 2 | 47.20 | 100 | 50 | 70 | 50 |
| பொடி 10 | 188.80 | 500 | 50 | 230 | 190 |
| பொடி, எண்ணெய், கருப்பட்டி | 224.20 | 290 | 120 | 160 | 225 |
| கருப்பட்டி, வடகம் | 153.40 | 205 | 120 | 140 | 155 |

தனித்தனியாக வாங்கும் முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பத்துப் பொடிக்கு 500 ரூபாய் கேட்கிற கடையில் யாரும் பத்துப் பொடி வாங்க மாட்டார்கள். மொத்தமாக வாங்க வருகிறவரைத்தான் இது விரட்டுகிறது.

உயர்ந்த கட்டணத்தை மட்டும் வாங்குவது இதற்கு நேர் எதிர். வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் பொருள்களை ஷிப்பிங் கிளாஸ்களாக (கூரியர் கட்டண வகைகளாக) பிரித்துவிட்டு, கட்டணத்தைக் கிளாஸ் வாரியாகக் கூட்டாமல் 'ஆர்டருக்கு ஒருமுறை' என்று வைத்தால் இதுதான் நடக்கும்: கார்ட்டில் இருப்பதிலேயே அதிகக் கட்டணமுள்ள கிளாஸை மட்டும் எடுத்துக்கொள்ளும். வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். மூன்றாவது கார்ட்டில் கடைக்காரர் கையிலிருந்து 104 ரூபாய் போகிறது, இரண்டாவதில் 138 ரூபாய். கவரிங் நகை, பொட்டு, ஸ்டிக்கர் மாதிரி எத்தனை போட்டாலும் அரைக்கிலோவைத் தாண்டாத பொருளுக்கு இதைத் தாராளமாக வைக்கலாம். அங்கே இதைவிட எளிமையான வழி கிடையாது.

'முதல் பொருளுக்கு இவ்வளவு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு' என்பது எட்ஸி என்ற விற்பனைத் தளத்தில் அப்படியே இருக்கிற அமைப்பு. வெவ்வேறு பொருள் வாங்கினால் முதல்-பொருள் கட்டணம் எதில் அதிகமோ அதை முழுதாக வாங்கி, மற்றவற்றுக்குக் கூடுதல்-பொருள் கட்டணத்தை மட்டும் சேர்க்கும். ஈபேயிலும் இதே விதியைப் போட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த முறை இது, ஆனால் எல்லாப் பொருளும் ஏறத்தாழ ஒரே எடையாக இருக்கிற கடைக்கு மட்டும். பேக்கிங்கோடு 600 கிராம் வருகிற சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 82.60, இரண்டுக்கு 118. முதல் சேலைக்கு 85, அடுத்ததற்கு 35 என்று வைத்தால் முடிந்தது. வாங்குகிறவருக்கும் சட்டென்று புரியும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற இளம்பிள்ளை சேலைக்காரர்கள்கூட ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

நம்முடைய பலசரக்குக் கடையில் இந்த முறை இரண்டு பக்கமும் இடறுகிறது. பொடி பத்து வாங்கியவரிடம் 41 ரூபாய் கூடுதலாகப் பிடுங்குகிறது, எண்ணெயும் கருப்பட்டியும் வாங்கியவரிடம் 64 ரூபாயை விட்டுவிடுகிறது. கூடுதல் கட்டணத்தைப் பொருளுக்கு ஏற்றபடி மாற்றி வைக்கலாம், பொடிக்கு 16, கருப்பட்டிக்கு 65 என்று. அப்படிச் செய்யப் போனால் எடையைத்தான் சுற்றி வளைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நேராகவே எடைக்குப் போய்விடலாம்.

எடை ஏணி என்றால் கார்ட்டின் மொத்த எடைக்கு ஒரு படிக்கட்டு: அரைக்கிலோ வரை 50, ஒரு கிலோ வரை 85, ஒன்றரை வரை 120 என்று கூரியரின் ஸ்லாப்பை ஒட்டியே ஏறும். அட்டவணையின் கடைசி நிரல் ஏன் 'கூரியருக்குக் கட்டுவது' நிரலோடு ஒட்டி வருகிறது என்றால், கூரியரும் அப்படித்தான் வாங்குகிறது. ஆனால் இது தானாக வந்துவிடாது. பொருளின் எடை என்ற இடத்தில் நீங்கள் என்ன எண்ணைப் போடுகிறீர்களோ அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாக்கெட்டில் 200 கிராம் என்று அச்சடித்திருப்பதால் 200 என்று போட்டால் நட்டம். கவர், லேபிள் எல்லாம் சேர்த்துப் பொடி 220 கிராம் வரும். வெளிப் பேக்கிங்குக்கு அதன் பங்கையும் சேர்த்து 240 என்று போடுங்கள். எண்ணெய் பாட்டிலுக்கு பபிள் ராப்போடு 1200, கருப்பட்டிக்கு 1100. வடகத்துக்கு மட்டும் தராசை மறந்துவிட்டுப் பருமன் எடையான 900-ஐப் போட வேண்டும். கருப்பட்டியும் வடகமும் சேர்ந்த பெட்டி 25×25×15 அளவில் போனால் 1.875 கிலோ, அதாவது இரண்டு கிலோ ஸ்லாப். 1100-ம் 900-மும் சேர்ந்தாலும் இரண்டு கிலோ. வடகத்தின் உண்மையான எடையைப் போட்டிருந்தால் ஏணி ஒன்றரைக் கிலோவில் நின்று 120 ரூபாய்தான் வாங்கியிருக்கும். (இரண்டு வடகம் வாங்கினால் ஒரே பெட்டியில் நெருக்கி வைக்கலாமே, 1800 ஆகாதே என்பது சரிதான். அந்த மிச்சம் உடைந்துபோகிற பாக்கெட்டுகளுக்கு இருக்கட்டும்.)

எடை மெஷின் பக்கத்தில் நின்றால் இன்னும் ஒன்று கண்ணில் படும். இரண்டு பொடி 440 கிராம். 80 கிராம் அட்டைப்பெட்டியில் வைத்தால் 520, ஒரு கிலோ ஸ்லாப், 82.60. 30 கிராம் கூரியர் கவரில் போட்டால் 470, 47.20. அந்த 20 கிராமுக்கு 35 ரூபாய். அட்டவணையில் முதல் கார்ட்டுக்கு 47.20 என்று இருப்பது கவரில் போட்டதால்தான். மூன்றாவது கார்ட்டும் அப்படியே: பெட்டியோடு 2540 கிராம். 40 கிராம் குறைந்த பெட்டி கிடைத்தால் ஒரு படி இறங்கிவிடும். அதே காரணத்தால் 500 கிராம் பாக்கெட் என்பது ஆன்லைனுக்கு ஆகாத அளவு. பேக்கிங்கோடு எப்போதுமே அடுத்த ஸ்லாப்பில்தான் போய் உட்காரும். 400 கிராமாகவும் 900 கிராமாகவும் போட்டால் கூரியர் காசு மிச்சம், பில்லிலும் பார்க்க நன்றாக இருக்கும்.

ஏணியின் குறை ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டாம். வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஒரு பாக்கெட் சேர்த்ததும் கட்டணம் ஏன் திடீரென்று 35 ரூபாய் ஏறியது என்று குழம்புவார். பொருள் பக்கத்திலேயே படிக்கட்டைச் சின்னதாகப் போட்டுவைப்பது நல்லது. "இன்னும் ஒரு பொடி சேர்த்தாலும் இதே கட்டணம்" என்று கார்ட்டில் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. தனித்தனி முறையிலும் 'அடுத்ததற்கு 20' முறையிலும் அப்படி ஒரு வரியைப் போட முடியாது.

ஐந்தாவது வழிதான் எல்லாரும் ஆசைப்படுவது: 999 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம். இதில்தான் பலசரக்குக் கடைகள் அடிவாங்குகின்றன. நம் மூன்றாவது கார்ட்டின் பில் 940 ரூபாய். மார்ஜின் 30 சதவீதம் என்றால் 282 ரூபாய் நிற்கும், கூரியர் காசை வாங்குகிறவரே கட்டிவிடுகிறார். "இன்னும் 59 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று பார்த்ததும் அவர் ஒரு வடகம் பாக்கெட்டைச் சேர்க்கிறார். பில் 1050, மார்ஜின் 315. பார்சல் மூன்றரைக் கிலோ ஸ்லாப்புக்குப் போய் 259.60 ஆகிறது, அதை இப்போது கடைக்காரர் கட்டுகிறார். மிஞ்சுவது 55 ரூபாய் 40 காசு. 110 ரூபாய்க்குக் கூடுதலாக விற்று, லாபத்தில் 226 ரூபாயை விட்டாயிற்று.

அதனால் இலவச வரம்பு வைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய எண், ஒரு கிலோ பார்சலில் எத்தனை ரூபாய்ச் சரக்கு போகிறது என்பது. கருப்பட்டி கிலோவுக்கு 400, பொடி 600. 1500 ரூபாய்ச் சேலை 600 கிராம் என்றால் கிலோவுக்கு 2500. ஒரு கிலோவுக்கு ஆகும் 82.60 ரூபாய் சேலைக்காரரின் பில்லில் தூசி. கருப்பட்டிக்காரருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. 'இரண்டு சேலை எடுத்தால் டெலிவரி இலவசம்' என்பது கட்டுப்படியாகும், '999-க்கு மேல் கருப்பட்டி இலவச டெலிவரி' ஆகாது. மளிகை விற்கிறவர் வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் 1999-க்கு வைத்து, தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று போடலாம். இல்லாவிட்டால் முழு இலவசத்துக்குப் பதில் '999-க்கு மேல் 100 ரூபாய் கழிவு' என்று கொடுத்தால் நட்டத்துக்கு ஒரு எல்லை இருக்கும்.

கூரியரை விலையிலேயே ஏற்றிவிட்டு எல்லாருக்கும் இலவசம் என்று போடுவதும் இதன் தம்பிதான். ஒன்று வாங்குகிறவருக்குச் சரியாக இருக்கும், பத்து வாங்குகிறவர் பத்து மடங்கு கூரியரை விலைக்குள் ஒளித்துக் கட்டுகிறார். பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிட்டதும் தெரிந்துவிடும்.

புத்தகம் விற்கிறவர்களுக்கு ஒரு தனிச் சலுகை. அஞ்சல் துறை 2025 மே 1 அன்று தொடங்கிய ஞான போஸ்ட்டில் 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்வி, பண்பாடு, ஆன்மிகம் சார்ந்த புத்தகங்களுக்கானது. விளம்பரம் உள்ள வெளியீடுகள் போகாது, தரைவழி என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் சேரும். அந்த ரேட்டில் கனமான புத்தகக் கட்டை அனுப்பும்போது கிலோவுக்கு ஆகும் செலவு இறங்கிக்கொண்டே போவதால், ஐந்து புத்தகம் வாங்குகிறவருக்கு நிஜமாகவே நல்ல சலுகை கொடுக்கலாம்.

சரி, எதில் எப்படி அமைப்பது? ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைத் தளத்தில் எடைக்கு ஏற்ற கட்டணம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் எண்ணெயை ஒரு ஷிப்பிங் ப்ரொஃபைலிலும் (கட்டணத் தொகுப்பிலும்) பொடியை இன்னொன்றிலும் பிரித்துவைத்தால், இரண்டும் வாங்குகிறவருக்கு வழக்கமாக இரண்டு கட்டணத்தையும் கூட்டிக் காட்டும். சுற்றி வந்து தனித்தனி முறையிலேயே நிற்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே ப்ரொஃபைலில் வையுங்கள். வூகாமர்ஸின் அடிப்படை அமைப்பில் எடை ஏணி கிடையாது, அதற்கென்று ஒரு ப்ளகின் போட வேண்டும். ஷிப்பிங் கிளாஸ்களை வைத்தே சமாளிக்கலாம் என்று சொல்வார்கள், பொருள் பத்தைத் தாண்டியதும் அது முடியாது.

எதுவானாலும் தமிழ்நாட்டுக்கு ஒரு ஏணி, பிற மாநிலங்களுக்கு ஒரு ஏணி, வடகிழக்கு மாநிலங்களுக்கும் காஷ்மீருக்கும் தனியாக ஒன்று. எண்ணெய் மாதிரி திரவங்கள் விமானத்தில் போவதில் கட்டுப்பாடு இருப்பதால், எண்ணெய் உள்ள கார்ட்டுக்கு டெலிவரி நாளையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வரியில் ஒரு சிறு விஷயம். வாங்குகிறவரிடம் பொருளோடு சேர்த்து வாங்கும் கூரியர் கட்டணத்துக்கு, 2017 சிஜிஎஸ்டி சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அந்தப் பொருளின் வரி விகிதமே பொருந்தும். நீங்கள் கூரியருக்குக் கட்டும் 18 சதவீதம் வேறு கணக்கு. காம்போசிஷனில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில்) இருப்பவர்களுக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்காது, ஆகவே ஏணியை எப்போதும் வரியோடு சேர்த்தே போடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி வைத்திருந்தால் அதற்கான தொகையை ஏணிக்குள் கலக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். திரும்பி வரும் பார்சலுக்கும் பெரும்பாலான கூரியர்கள் காசு வாங்கும் என்பதால், மூன்று கிலோ பார்சலை ஒருவர் வாங்காமல் திருப்பினால் போகவர 400 ரூபாய்க்கு மேல் போய்விடும். அப்புறம் கூப்பன்: 1050 ரூபாய் கார்ட்டில் 100 ரூபாய்க் கூப்பனைப் போட்டால் பில் 950. இலவச டெலிவரி இன்னும் உண்டா இல்லையா? வூகாமர்ஸில் கழிவுக்கு முந்தைய தொகையைப் பார்க்கச் சொல்ல ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடாமல் விடுங்கள்.