கடற்காற்றில் ஈஎஸ்பி வைஃபை மொடியூல்கள்: நீண்டகாலப் பாவனையில் கண்டவை

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீடுகளிலும் விடுதிகளிலும் தண்ணீர்த் தாங்கியின் மட்டம் பார்க்க, கிணற்று மோட்டரை இயக்க, குளிர் அறையின் வெப்பநிலையைக் கவனிக்க நாங்கள் அதிகம் போடுவது, நிரல் எழுதி ஓட்டக்கூடிய சிறு சில்லும் வைஃபையும் ஒன்றாக உள்ள ஈஎஸ்பி-12எஃப், ஈஎஸ்பி32 றூம் என்ற இரண்டு மொடியூல்களும்தான். இந்த மொடியூல்களுக்குள் இருக்கும் வைஃபை பகுதி பழுதாவது மிக அரிது. அதற்கு நாம் கொடுக்கும் மின்சாரமும், அடைத்து வைக்கும் பெட்டியும், எழுதும் நிரலும்தான் காலைவாரும்.

மின்வழங்கல்தான் முதல் வில்லங்கம். இரண்டுக்கும் 3.3 வோல்ற் வேண்டும், 3.6ஐத் தாண்டக்கூடாது. அலை அனுப்பும் கணத்தில் ஓட்டம் 300 மில்லியம்பியருக்கு மேலும் துள்ளும் என்பதால் 500 மில்லியம்பியர் தரக்கூடிய ரெகுலேற்றர் (வோல்ற்றளவைச் சீராக வைக்கும் சில்லு) கட்டாயம். எச்ரி7333 என்ற ரெகுலேற்றர் சிக்கனமானது என்று பலர் போடுகிறார்கள். அது 250 மில்லியம்பியர்தான் தரும். அதனால் மொடியூல் விழித்துக்கொள்ளும், சென்சரையும் வாசிக்கும், வைஃபையில் இணையப் போகும்போது மட்டும் றீசெற் ஆகும். ஈஎஸ்பி32 என்றால், இணைத்திருக்கும் கணினியின் திரையில் ‘பிரவுண்அவுட்’ (வோல்ற்றளவு விழுந்துவிட்டது) என்று எழுதியே காட்டும். அந்த எச்சரிக்கையை நிரலில் அணைத்துவிடும் வழி இணையத்தில் கிடைக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வோல்ற்றளவு விழுவது அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போவது மட்டும்தான் நடக்கும்.

ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேற்றர், 5 வோல்ற் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்குள்ளேயே 1 வோல்ற்றுக்கு மேல் விழுவதால் லிதியம் பற்றரிக்குப் பொருந்தாது. சும்மா இருக்கும்போதும் சுமார் 5 மில்லியம்பியர் குடிக்கும். மொடியூல் வேலை இல்லாதபோது போகும் ஆழ்உறக்கத்தில் 20 மைக்ரோஅம்பியருக்கு இறங்கி என்ன பயன்? பற்றரிக்கு எம்ஈ6211 போடுங்கள். அதன் உள்ளீடு 6 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும், சோலர் பனலை நேரே கொடுக்கக்கூடாது. எந்த ரெகுலேற்றராக இருந்தாலும் மொடியூலின் காலோடு ஒட்டி 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் 0.1 மைக்ரோபரட் செராமிக் ஒன்றும் வையுங்கள். கச்சான் காலத்து வெயிலில் பெட்டி கொதிக்கும், ஆகவே 105 பாகை என்று அச்சிட்ட கொள்ளளவியையே தேடி வாங்குங்கள். மெல்லிய ஜம்பர் வயரும் எதிரிதான்: வயரிலும் முனையிலுமாக அரை ஓம் தடை இருந்தால் 0.3 அம்பியரில் 0.15 வோல்ற் அங்கேயே போய்விடும்.

அடுத்தது உப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் போட்டின் (மொடியூல் இருக்கும் மின்சுற்றுப் பலகையின்) மேல் படியும் உப்பு ஈரத்தை இழுத்து, கால்களுக்கிடையே மின்சாரத்தைக் கசிய விடும். 10 கிலோஓம் தடையி உயர்நிலையில் இழுத்து வைத்திருக்கும் ஈஎன் கால் (மொடியூலை இயங்க விடும் கால்) அந்தக் கசிவில் கீழே இறங்கும், மொடியூல் நின்றுவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: விடியப்புறம் நின்றுபோகும், வெயில் ஏறியதும் தானாகவே ஓடத் தொடங்கும். அப்படியானால் நிரலைத் தோண்ட வேண்டாம். போட்டை ஐசோபுறப்பைல் அல்ககோலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அக்கிரிலிக் பூச்சு இரண்டு தடவை அடியுங்கள். அன்ரெனாப் பகுதியையும் இணைப்பிகளையும் நாடா ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் துளையை அடைக்க வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் மூடிய பெட்டிக்குள் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். நியூற்றல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

அன்ரெனாவின் கீழும் அருகிலும் செம்பு, பற்றரி, திருகாணி எதுவும் இருக்கக்கூடாது. 15 மில்லிமீற்றர் வெளி விட்டு, முடிந்தால் போட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டி வையுங்கள். இரும்புப் பெட்டி என்றால் வெளி அன்ரெனா பூட்டும் ஈஎஸ்பி32 றூம் 32யு வகைதான் சரி. தாங்கியில் பொருத்தும்போது மொடியூலுக்கும் றவுட்டருக்கும் இடையே தண்ணீர் வராமல் பாருங்கள், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். பொருத்தும் இடத்தில் சிக்னல் −70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு) கீழே, −80 போலக் காட்டினால் இடத்தை மாற்றுங்கள். மழை நாளில் அது இன்னும் இறங்கும்.

கரண்ட் போய்வந்த பிறகு கருவி செத்துக் கிடக்கிறது என்பது அதிகம் கேட்கும் முறைப்பாடு. மொடியூல் ஒரு நொடியில் எழும்பிவிடும், றவுட்டருக்கு ஓரிரு நிமிடம் ஆகும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அமைக்க உதவும் வைஃபை மனேஜர் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால், இணைப்புக் கிடைக்காத மொடியூல் தன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அங்கேயே காத்துக் கிடக்கும். அந்தப் பக்கத்துக்கு 180 நொடி எல்லை வைத்து, முடிந்ததும் மறுபடி தொடங்கச் செய்தால் பிரச்சினை தீரும். மோட்டரை நிறுத்தும் கட்டளையை மட்டும் ஒருபோதும் வலையமைப்பை நம்பி விடாதீர்கள். தாங்கி நிரம்பியதை மொடியூலே பார்த்து, மோட்டரின் சுவிட்சாக இருக்கும் றிலேயை அணைக்க வேண்டும். ஈஎஸ்பி-12எஃப்பில் அந்த றிலேக்கு ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் கால்) 4 அல்லது 5 நல்லது. 0, 2, 15 தொடக்க நிலையைத் தீர்மானிக்கும் கால்கள், 16 எழும்பும்போதே உயர்நிலையில் இருக்கும். ஈஎஸ்பி32இல் ஜிபிஐஓ 12ஐ விலக்குங்கள், தொடங்கும்போது அது உயர்ந்திருந்தால் மொடியூல் எழும்பாமலே போகலாம்.

தம்பலகாமத்து வயல் நடுவில் இருக்கும் மோட்டருக்கு இவற்றின் வைஃபை எட்டாது. அங்கே தொலைதூரம் அலை அனுப்பும் லோறா வகைதான் பொருத்தம். எந்த அலைவரிசை மொடியூலை வாங்கலாம் என்பதை மட்டும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.