முழங்காலுக்குக் கீழ் ஜெய்ப்பூர் கால்: கடலூர் மணலுக்குத் தாங்குமா?

முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர்கள் மாட்டும் செயற்கைக் கால் ஜெய்ப்பூர் கால். அதன் பாதத்துக்கு முழு மதிப்பெண். 1968-இல் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூரில் ரப்பரும் மரமும் சேர்த்து உருவாக்கிய பாதம் இது. கணுக்கால் எல்லாப் பக்கமும் வளையும். வரப்பில் நடக்கலாம், சம்மணமிடலாம், குந்தலாம். செருப்பே வேண்டியதில்லை. இன்னொரு வகைச் செயற்கைப் பாதமான சாச் (SACH) பாதத்தில் கணுக்கால் அசையாது, ஷூ அவசியம், ஈரமும் ஆகாது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவருக்கு அதனால் என்ன பயன்?

தொல்லை எல்லாம் சாக்கெட்டில்தான், அதாவது எஞ்சிய காலை நுழைக்கும் கூட்டில்தான். மாவுக்கட்டு சுற்றி அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் வார்த்து உருவாக்கி, சூட்டில் இளகிய எச்.டி.பி.இ. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை அந்த உருவின்மேல் இழுத்துப் பொருத்துவார்கள். உடல் எடை முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாரில் இறங்க வேண்டும். முன்னெலும்பின் விளிம்பிலோ, வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையிலோ, வெட்டிய நுனியிலோ இறங்கினால் புண்தான். வாங்கும் இடத்திலேயே கால் மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையவில்லையென்றால் அந்த இடத்தைச் சூடு காட்டி விரித்துத் தரச் சொல்லுங்கள். செயற்கைக் கால் வழங்கும் முகாமின் கூட்டத்தில் கூச்சப்பட்டு வண்டி ஏறிவிட வேண்டாம். சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்களுக்கு உறுத்தலே தெரியாமல் போகலாம். தினமும் கண்ணாடி வைத்து நுனியைப் பார்ப்பது கட்டாயம்.

அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் கால் முனை சூம்பிக்கொண்டே வரும். கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் சுற்றுங்கள். வட்டமாகச் சுற்றினால் நுனி வீங்கும். சாக்கெட் தளர்ந்தால், எஞ்சிய காலில் போடும் சாக்ஸில் ஒன்று கூட்டலாம். மூன்று, நான்கு வந்துவிட்டால் புது சாக்கெட்தான். இல்லையேல் கால் உள்ளே இறங்கி நுனி சாக்கெட்டின் அடியில் குத்தும்.

இன்னொரு குறை: காலின் சாய்வு பிசகினால் எளிதில் திருத்த முடியாது. தனித்தனிப் பாகங்களைப் பூட்டிச் செய்யும் மாடுலர் காலுக்கு ஆலன் சாவி (அறுகோணத் திருகுச்சாவி) போதும்.

உப்புத் தண்ணீர் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, பாதத்தைப் பூட்டும் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சாக்ஸில் மணல் சிக்கினால் ஒரே நாளில் தோலை உரித்துவிடும், மாற்று சாக்ஸ் கையோடு இருக்கட்டும்.

அரசு உதவிக்குக் கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துப் போங்கள். புதுச்சேரிப் பக்கத்தார் ஜிப்மரில் உடலியல் மறுவாழ்வு மருத்துவப் பிரிவைக் கேட்கலாம். எங்கே வாங்கினாலும், அடுத்த சாக்கெட்டை யார், எந்த ஊரில் செய்து தருவார்கள் என்பதைக் கேட்டுவிட்டே அச்சுக்குக் காலை நீட்டுங்கள்.